செசிலுக்கு அழுத உலகம் பிளாண்டிக்கு ஏன் அழவில்லை?

கேள்வி: ஒரு வாசகர், 11 ஜூலை 2025

2015-ல் செசில் என்ற சிங்கத்தை அமெரிக்கப் பல் டாக்டர் ஒருவர் கொன்றபோது உலகமே கொதித்தது. போன மாதக் கடைசியில் அதே ஜிம்பாப்வே, அதே ஹ்வாங்கே காட்டோரம், அதே ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்காகக் கழுத்தில் இருப்பிடம் காட்டும் காலர் மாட்டியிருந்த பிளாண்டி என்ற சிங்கத்தை ட்ரோஃபி வேட்டையில் (தலையையும் தோலையும் நினைவுப்பொருளாக எடுத்துப்போகக் காசு கொடுத்து ஆடும் வேட்டை) கொன்றிருக்கிறார்கள். செய்தி ரெண்டு நாள் ஓடியது, அவ்வளவுதான். பத்து வருஷத்தில் ஜனங்களுக்கு மனசு மரத்துப்போய்விட்டது என்பதுதானே இதற்கு அர்த்தம்? செசிலுக்கு அழுதது உண்மையான பாசம் என்றால் பிளாண்டிக்கும் அழுதிருக்க வேண்டாமா?

11 ஜூலை 2025, இரவு

மரத்தெல்லாம் போகவில்லை. 2015-லும் ஜனம் சிங்கத்துக்காகக் கொதிக்கவில்லை, பல் டாக்டருக்காகக் கொதித்தது. இதுதான் என் கட்சி. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

நடந்ததைப் பாருங்கள். 2015 ஜூலை 1 ராத்திரி, ஹ்வாங்கே தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு தனியார் நிலத்தில் யானைப் பிணத்தைப் போட்டு, அதைத் தின்ன வந்த செசிலை வில்லால் அடித்தார்கள். அம்பு பட்டும் சாகவில்லை. மறுநாள் தேடிப்போய்க் கதையை முடித்தார்கள். தலையையும் தோலையும் எடுத்துக்கொண்டார்கள். 2008-லிருந்து ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து வந்த 13 வயது ஆண் சிங்கம் அது. அந்தப் பல் டாக்டர் வால்டர் பால்மர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகை சுமார் 50,000 டாலர்.

செசில் செத்த சேதி ஜூலை மத்தியிலேயே வெளியே வந்துவிட்டது. அப்போது ஸ்பெயின்காரர் ஒருவர் கொன்றார் என்றுதான் பேச்சு. செத்தது அதே சிங்கம், பேரும் அதே செசில். ஆனாலும் பூகம்பம் எதுவும் வரவில்லை. ஜூலை 28-ல் பால்மர் பெயர் வெளியானது. அன்று ராத்திரி அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் தன் நிகழ்ச்சியில் தொண்டை அடைத்துப்போய்ப் பேசினார். அதற்கப்புறம்தான் புயல். பால்மரின் கிளினிக் வாசலில் பொம்மைச் சிங்கங்களைக் குவித்தார்கள், அவர் கொஞ்ச நாள் கடையைச் சாத்திவிட்டுத் தலைமறைவாக இருக்க வேண்டியிருந்தது. சிரித்த முகத்தோடு செத்த மிருகங்களுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் பழைய போட்டோக்கள் வேறு கிடைத்தன. பணக்காரன், வெள்ளைக்காரன், பல்லும் பளீரென்று இருக்கிறது. வில்லனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பிளாண்டி விஷயத்தில் அப்படிக் கையில் சிக்க ஒரு முகம் கிடைக்கவில்லை. அதனால்தான் ரெண்டு நாளோடு அடங்கிவிட்டது.

அப்புறம் ஒன்று. இரையாகப் போட்டார்களே, அந்த யானை? அதைப் பற்றி யாராவது ஒரு வரி கேட்டார்களா?

12 ஜூலை 2025

கீழே எழுதியவர்களுக்குச் சில திருத்தங்கள்.

"40 மணி நேரம் துடித்தது" என்பது முதலில் பரவிய கணக்கு. செசிலைப் பின்தொடர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காலர் தகவலை வைத்துப் பின்னால் சொன்னது 10 முதல் 12 மணி நேரம். இதுவே கொடுமைதான், கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

"பால்மர் ஜெயிலுக்குப் போனார்" என்பதும் இல்லை. அவரை நாடு கடத்திக் கொண்டுவர வேண்டும் என்று முழங்கிய ஜிம்பாப்வே அமைச்சரே, அக்டோபரில் அவருடைய காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன என்று சொல்லிவிட்டார். வேட்டைக்குக் கூட்டிப்போன வழிகாட்டி மேல் போட்ட வழக்கும் 2016 நவம்பரில் நிற்காமல் போனது.

"செசிலின் கூட்டாளி ஜெரிக்கோவையும் கொன்றார்கள்" என்பது 2015 ஆகஸ்ட் முதல் வாரத்து வதந்தி. காலர் பார்த்துச் சரிபார்த்ததில் ஜெரிக்கோ உயிரோடு இருந்தது. கொல்லப்பட்டது செசிலின் மகன் க்ஸாண்டா, 2017 ஜூலையில். அதற்கு வந்த கண்ணீரையும் கொஞ்சம் அளந்து பாருங்கள்.

12 ஜூலை 2025, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது: செசில் பற்றி நிருபர்கள் கேட்டபோது ஜிம்பாப்வேயின் தகவல் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த அமைச்சர் திருப்பிக் கேட்டது, "எந்தச் சிங்கம்?"

14 ஜூலை 2025

"அந்தக் காசு ஏழை கிராமத்துக்குத்தானே போகிறது, அதை ஏன் தடுக்க வேண்டும்?" என்று ஒருவர் பொருளாதாரம் பேசியிருக்கிறார். பாதி சரி.

ஜிம்பாப்வேயில் 1989-லிருந்து கேம்ப்ஃபயர் என்றொரு திட்டம் இருக்கிறது. ஊர்ப்பொது நிலத்தில் வெளிநாட்டான் வந்து வேட்டையாடினால் அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு உள்ளாட்சி மன்றம் வழியாக ஊருக்கு வரவேண்டும். பள்ளிக்கூடம், கிணறு, மாவு மில் எல்லாம் அதில் கட்டியிருக்கிறார்கள். நடுவில் மன்றம் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதில்தான் வருஷக்கணக்காகத் தகராறு. நம் ஊர் நிதி எப்படி வீடு வந்து சேர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆனால் செசில் செத்தது தனியார் நிலத்தில். அந்த 50,000 டாலரில் ஊருக்குப் பங்கு என்று பேசவே இடமில்லை. ஆக, செசிலை வைத்துக் கேம்ப்ஃபயருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வேறு உதாரணம் தேட வேண்டும்.

அதற்காக எல்லாவற்றையும் தடை செய் என்பதும் எனக்கு ஒட்டவில்லை. கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. 1977-லிருந்து 2016 வரைக்குமான கணக்கெடுப்பை வைத்து வந்த ஆய்வு, அங்கே மேய்ச்சல் நிலங்களில் இருந்த காட்டு மிருகங்களில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. தடையால் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஜனத்தொகை, வேலி, ஆடு மாடு எல்லாம் பெருகியது காரணம். தடை போட்டால் மிருகம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குத்தான் இது அடி. சுடுகிறவன் போன நிலத்துக்கு மாடு வந்துவிடும், சோளம் வந்துவிடும். மாட்டுக்காரன் சிங்கத்தைத் துப்பாக்கியால் சுடமாட்டான், விஷம் வைப்பான். அதில் கழுகு, நரி எல்லாம் சேர்ந்து போகும்.

15 ஜூலை 2025

போட்ஸ்வானாவைக் கேட்டிருந்தார்கள். 2014-ல் வேட்டைக்குத் தடை, 2019-ல் தடை நீக்கம். சுமார் 1,30,000 யானைகள். 2024-ல் ஜெர்மனி வேட்டைப் பொருள் இறக்குமதிக்குக் கெடுபிடி கொண்டுவரப் பார்த்தபோது, அன்றைய ஜனாதிபதி மசிசி "உங்களுக்கு 20,000 யானை அனுப்புகிறேன், நீங்களே வைத்து வாழ்ந்து பாருங்கள்" என்கிற மாதிரி பதில் கொடுத்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் லண்டன் ஹைட் பார்க்குக்கு 10,000 தருவதாக அவருடைய அமைச்சர் சொல்லியிருந்தார்.

ஹைட் பார்க்கில் 10,000 யானை. வேண்டாம், அவிநாசி ரோட்டில் ஒன்றே ஒன்று இறங்கட்டும், நம் வாட்ஸ்அப் குரூப்பில் கருணை எவ்வளவு நேரம் தாங்குகிறது பார்ப்போம்.

19 ஜூலை 2025

இந்த விவாதத்தை மாமனாரிடம் சொன்னேன். சத்தியமங்கலம் பக்கம் காட்டோரம் அவருக்குக் கொஞ்சம் நிலம், மக்காச்சோளமும் நிலக்கடலையும் மாற்றி மாற்றிப் போடுவார். பன்றித் தொல்லை. மக்காச்சோளத்தில் பன்றி இறங்கினால் கதிரை மட்டும் தின்றுவிட்டுப் போகாது. தட்டையைச் சாய்த்து, கதிரில் ஒரு கடி, அடுத்த தட்டையைச் சாய்த்து அதில் ஒரு கடி. விடிந்து பார்த்தால் ரோலர் ஓட்டின மாதிரி கிடக்கும். கடலையில் இறங்கினால் மூக்காலேயே உழுது வைத்துவிடும். சுற்றிலும் பழைய சேலை கட்டியிருக்கிறார், மாமியாரின் கல்யாணத்துக்கு முந்தைய சேலை வரைக்கும் வேலியில் தொங்குகிறது. சலூனிலிருந்து முடி வாங்கி வந்து வரப்பெல்லாம் போட்டார். ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

நான் செசில் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங் மாப்ள, அம்பதாயிரம் டாலருன்னா நம்ம காசுக்கு எவ்வளவுங்?"

அன்றைய மதிப்புக்கு முப்பது லட்சத்துக்கு மேல் என்றேன்.

"அந்த டாக்டருக்குப் பன்னி சுடத் தெரியுமாங்? காசே தர வேண்டாமுன்னு சொல்லுங்க. சோறும் போட்டு, படுக்கக் கட்டலும் போடறனுங்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மயிலையும் சேர்த்துச் சொல்லுங்க என்றார்.

20 ஜூலை 2025

"உங்கள் மாமனார் சுயநலவாதி" என்று ஒரு பதில். இருக்கட்டும். ஜிம்பாப்வேயிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன மாணவர் ஒருவர் 2015 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் எழுதியதும் இதையேதான். அவர் சின்ன வயதில் ஊரைச் சுற்றிச் சிங்கம் நடமாடியிருக்கிறது. பிள்ளைகள் தனியாக வெளியே போக முடியாது, ராத்திரி பக்கத்து வீட்டுக்குப் போகவும் பயம். சிங்கத்தைக் கொன்ற சேதி வந்ததும் ஊரே ஆடிப் பாடியிருக்கிறது. கொன்றவன் உள்ளூர்க்காரனா வெள்ளைக்காரனா என்று யாரும் விசாரிக்கவில்லை.

நான் முதல் குறிப்பில் சொன்னதோடு இதை வைத்துப் பாருங்கள். தூரத்தில் இருக்கிறவனுக்குக் கொன்றவன் யார் என்பதுதான் கேள்வி. பக்கத்தில் இருக்கிறவனுக்குச் செத்தது எது, மிச்சம் எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி.

20 ஜூலை 2025, இரவு

பன்றி என்றதும் 2020 கேரள யானை ஞாபகம் வந்தது. மே 27, கர்ப்பிணி யானை, தின்ற பொருளுக்குள் இருந்த வெடி வெடித்து வாய் கிழிந்து வெள்ளியாற்றுத் தண்ணீருக்குள் வாயை வைத்துக்கொண்டு நின்றபடியே செத்தது. அந்தப் போட்டோவைப் பார்த்துக் கலங்காதவர் இல்லை, நானும்தான். தொழிலதிபர், கிரிக்கெட் வீரர் எல்லாரும் எழுதினார்கள். மலப்புறம் என்று சொல்லி ஒரு மதத்தையே திட்டித் தீர்த்தார்கள். நடந்தது பாலக்காடு மாவட்டம்.

அந்த வெடி யானைக்கு வைத்ததில்லை. பன்றிக்கு. எங்கள் பக்கம் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர். மருந்தை உருண்டையாகக் கட்டித் தின்கிற பொருளுக்குள் வைத்துப் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் தாடை போய்விடும். உடனே சாகாது, அதுவும் எங்கேயோ ஓடிப்போய் நாளெல்லாம் கிடந்துதான் சாகும். அந்த யானைக்கு நடந்தது ஒவ்வொரு பன்றிக்கும் நடக்கிறது. யானை கடித்தபோது உலகச் செய்தி, பன்றி கடித்தால் செய்தியே இல்லை. இங்கே கொன்றவனும் ஒருவன்தான், முறையும் ஒன்று, ஆயுதமும் ஒன்று. ஆக, கொன்றவன் முகம்தான் எல்லாம் என்ற என் கட்சி இந்த இடத்தில் கொஞ்சம் இடிக்கிறது. செத்தது யார் என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். யானைக்குப் பிள்ளையார் துணை. பன்றிக்கும் வராகம் இருக்கிறதே என்று யாரோ எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள், வராக அவதாரத்தைச் சொல்லி எந்தப் பன்றியும் பிழைத்ததாகத் தெரியவில்லை.

21 ஜூலை 2025

பிரியாணிக் கேள்வி வந்தேவிட்டது. "கோழி தின்கிறவனுக்குச் சிங்கத்துக்காகப் பேச என்ன யோக்யதை?" இது எல்லா விவாதத்திலும் வரும். தின்பதற்கும் சுவரில் மாட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பதில் சொல்வேன். நீங்கள் கோழியின் பார்வையில் என்ன வித்தியாசம் என்பீர்கள். எனக்குப் பதில் வராது. அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

26 ஜூலை 2025

பெயர் வைத்தால்தான் மிருகம் பிழைக்கும் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பெயரால் கெட்ட மிருகமும் உண்டு.

மகாராஷ்டிரத்தில் யவத்மால் பக்கம் 13 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண்புலி. காப்பாற்றச் சொன்னவர்கள் அவ்னி என்றார்கள். வனத்துறைக்கு அது டி1. நீதிமன்றம் வரை இரண்டு பெயரிலும் சண்டை நடந்து, 2018 நவம்பர் 2 ராத்திரி சுட்டுவிட்டார்கள். அவ்னி என்று எழுதிய செய்தியில் இரண்டு குட்டிகளின் தாய் இருந்தாள். டி1 என்று எழுதிய செய்தியில் ஆட்கொல்லி இருந்தது. மசினகுடிப் புலி டி23-க்கு நம்பரைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் கொன்றுவிடாமல் பிடிக்கப் பாருங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, 2021 அக்டோபரில் உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள்.

தாளவாடியில் விவசாயிகளை மிதித்துக் கொன்ற யானைக்குக் கருப்பன் என்று பெயர் வைத்தது ஊர்க்காரர்கள். கொஞ்சவா வைத்தார்கள்? "கருப்பன் இந்தப் பக்கம் இறங்கிருச்சு" என்று போனில் சேதி சொல்ல வைத்த பெயர். 2023 ஏப்ரலில் கும்கி வைத்துப் பிடித்துக்கொண்டு போனபோது பட்டாசு வெடித்தவர்களும் உண்டு.

செசில் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், செசில் ரோட்ஸ் ஞாபகமாக வைத்தது. ஜிம்பாப்வேயைக் காலனியாக்கித் தன் பெயரையே அந்த நாட்டுக்கு மாட்டியவர். அந்தப் பெயருள்ள சிங்கத்துக்காக நீ ஏன் அழவில்லை என்று ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் இருக்கிறவனைக் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

27 ஜூலை 2025

"இந்தியாவில் இந்த அநியாயமெல்லாம் இல்லை" என்று பெருமைப்பட்டவருக்கு. 1972 சட்டத்துக்கு அப்புறம் இல்லை, சரி. 1947-ல் இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்து ராஜா ராத்திரி வண்டி வெளிச்சத்தில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். போட்டோவும் எடுத்துக்கொண்டார். இந்தியாவில் கடைசியாகப் பதிவான சிவிங்கிப்புலிகளில் அவை மூன்றும் சேர்த்தி. போட்டோவில் ராஜா நிற்பதும் பால்மர் நிற்பதும் ஒரே நிற்புதான்.

அப்புறம் 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்கு எட்டுச் சிவிங்கிப்புலிகள் வந்தன, நாடே கொண்டாடியது. கொடுத்தது நமீபியா. அதே நமீபியாவுக்கு உயிரோடும் வேட்டைப் பொருளாகவும் வருஷத்துக்கு 150 சிவிங்கிப்புலிகளை ஏற்றுமதி செய்ய, காட்டுயிர் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் ஒதுக்கீடு உண்டு. வறட்சி வந்த 2024-ல் 83 யானை உட்பட 723 மிருகங்களைச் சுட்டு ஜனங்களுக்குக் கறியாகக் கொடுக்கப் போவதாக அறிவித்ததும் அவர்கள்தான். நாம் அவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். ஆனால் அவர்களிடம் கொடுக்கச் சிவிங்கிப்புலி இருந்தது, நம்மிடம் இல்லை.

3 ஆகஸ்ட் 2025

மலேசியாவிலிருந்து எழுதும் அக்கா சரியான இடத்தில் பிடித்தார். "கொன்றவனைப் பார்த்துக் கோபப்படுவது தப்பு மாதிரி எழுதுகிறீர்களே தம்பி, எதற்காகக் கொன்றான் என்பது முக்கியமில்லையா? பசிக்குத் திருடியவனையும் பொழுதுபோக்குக்குத் திருடியவனையும் ஒரே தராசில் வைப்பீர்களா?"

இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். வைக்கமாட்டேன். மாமனார் பன்றி சாக வேண்டும் என்கிறார், ஆனால் செத்த பன்றியோடு போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து வருகிற அருவருப்பு நியாயமானது, அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் அருவருப்பு எங்கே போய் நிற்கிறது பாருங்கள். 2014 பிப்ரவரியில் கோபன்ஹேகன் மிருகக்காட்சிசாலை மரியஸ் என்ற ஒட்டகச்சிவிங்கிக் குட்டியைக் கொன்று, பார்வையாளர்கள் முன்னால் அறுத்து, சிங்கத்துக்குப் போட்டது. உலகமே திட்டியது. அடுத்த மாதம் அதே இடத்தில் நான்கு சிங்கங்களை, புது ஆண் சிங்கம் வர வேண்டும் என்பதற்காகக் கொன்றார்கள். அங்கே பொழுதுபோக்கும் இல்லை, போட்டோவும் இல்லை, இனப்பெருக்கக் கணக்கு மட்டும். முதல் தடவை வந்த கூச்சலில் கால்வாசி வந்ததா? மரியஸ் குட்டியாக இருந்தது, முகம் நன்றாக இருந்தது.

13 ஆகஸ்ட் 2025

விவாதம் தெருநாய்க்குத் தாவிவிட்டது. எதிர்பார்த்ததுதான். டெல்லித் தெருநாய்களை எல்லாம் எட்டு வாரத்துக்குள் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று நேற்று முன்தினம் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து இங்கே சிங்கத்தைக் காணோம்.

ஒரு விஷயம் மட்டும். இந்த இழையில் ஜிம்பாப்வே கிராமத்துக்காரனுக்கு நியாயம் பேசிய இரண்டு பேர் இப்போது நாய்ப் பக்கம். செசிலுக்குக் கண்ணீர் விட்ட ஒருவர், காலையில் நடைப்பயிற்சி போகும்போது நாய் துரத்துகிறது, எல்லாவற்றையும் பிடி என்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், மேலே போய்ப் பாருங்கள்.

24 ஆகஸ்ட் 2025

22-ஆம் தேதி தீர்ப்பு மாறிவிட்டது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததையும் கடிக்கிறதையும் விடக்கூடாது. இரண்டு பக்கமும் ஜெயித்துவிட்டதாகச் சொல்கிறார்கள், நாய் பேச்சை இதோடு விடலாம்.

"எல்லாம் சரி, நீங்கள் வேட்டை வேண்டும் என்கிறீர்களா வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். ஹ்வாங்கே பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிளாண்டிக்கு ஆறு வயது நிரம்பவில்லை என்று காலர் செலவை ஏற்ற பத்திரிகை சொல்கிறது. ஆறுக்குக் கீழ் சுடக்கூடாது என்பது வேட்டைக்காரர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட வழக்கம், அதற்குள் சுட்டால் குட்டிகளும் புது ஆணிடம் மாட்டிச் சாகும். பூங்கா அதிகாரிகளோ வேட்டை முறைப்படி நடந்தது என்கிறார்கள். அப்படியென்றால் காலர் மாட்டியதைச் சுடக்கூடாது, வயது தெரியாததைச் சுடக்கூடாது என்பதை அனுமதிச் சீட்டிலேயே எழுத வேண்டும், மீறினால் வழிகாட்டியின் லைசென்ஸ் போக வேண்டும். கட்டணத்தில் ஊர்ப்பங்கு மன்றத்துக்குப் போகாமல் நேராக ஊருக்குப் போக வேண்டும். செசில் சமயத்தில் வந்த கோபத்தில் அமெரிக்க விமானக் கம்பெனிகள் சில சிங்கத்தலையை ஏற்ற மாட்டோம் என்றன. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் நன்கொடை குவிந்தது. 2015 டிசம்பரில் அமெரிக்கா சிங்கத்தை அழியும் இனங்களின் சட்டத்தில் சேர்த்தது. இந்த அனுமதிச் சீட்டு விஷயம் மட்டும் நடக்கவில்லை.

மாமனார் பக்கம்: காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம் என்று ஜனவரியில் சட்டசபையில் அறிவித்தார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் தொடக்கூடாது, நடுவில் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அவர் நிலம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கப் போயிருக்கிறார்.